கப்பலேறாத கடற்படையின் தலைவி

தேசிய சேவை முடித்த அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விடுப்பு முடிந்தும் முகாமுக்குத் திரும்பாமல் வீட்டிலேயே படுத்திருந்தால் என்ன நடக்கும்? விசாரணை, தடுப்புக்காவல், தண்டனை என்று வரிசையாகச் சொல்வார். உலகில் எந்தப் படையை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நடைமுறை. படைச் சட்டம் என்ற ஒன்று இல்லாவிட்டால் போர்க்காலத்தில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்பது தளபதிகளின் பொதுவான நம்பிக்கை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிடம் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய ஒரு படை இருந்தது. 1944ஆம் ஆண்டில் அதில் ஏறத்தாழ 74,000 பேர் பணியாற்றினர். சீருடை உண்டு, பதவிப் படிகள் உண்டு, இரவுக் காவல் முறையும் உண்டு. ஆனால் கடற்படை ஒழுங்குச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. வேலையை விட்டு ஒருத்தி போய்விட்டால், அவளைப் போர்வீரனைப்போல் பிடித்துவந்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வழியில்லை. அவர்கள் எல்லாரும் பெண்கள். அந்தப் படையின் பெயர் பெண்கள் அரச கடற்படைச் சேவை. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ரென் என்ற சிறு பறவையின் பெயரைப்போல் ஒலிக்கும். அதனால் மக்கள் அவர்களை ரென்கள் என்றே அழைத்தனர்.

1939 முதல் 1946 வரை அந்தப் படையை நடத்தியவர் வீரா லாட்டன் மேத்யூஸ். போர்த் தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து ஆள் எடுப்பது, தங்க இடம் பார்ப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது போன்ற வேலைகளைச் செய்தவர்களைப் பற்றி நாம் அதிகம் படிப்பதில்லை. எனக்கு என்னவோ, அந்த அலுவலக மேசைகளில்தான் போரின் பாதிக் கதை இருப்பதாகத் தோன்றுகிறது.

வீரா 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சர் ஜான் நாக்ஸ் லாட்டன், பிரிட்டிஷ் கடற்படையில் ஆசிரியராக இருந்து பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானவர். கடற்படை வரலாற்றைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். தாய் ஸ்பெயினைச் சேர்ந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட கப்பல்களைப் பற்றிய பேச்சு ஓடியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1915ல் தந்தை இறந்தபோது அவரது அஸ்தியை ஒரு போர்க்கப்பலில் எடுத்துச் சென்று கடலில் சேர்த்தனர். மகளோ கடற்படைக்குள் நுழைய முடியாத பாலினத்தில் பிறந்திருந்தார்.

இளமையில் அவர் தேர்ந்தெடுத்த பாதை சண்டைக்காரப் பாதை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் நடத்திய இயக்கத்தில் சேர்ந்து, அதன் பத்திரிகையில் துணை ஆசிரியராக வேலை பார்த்தார். காவல்துறை அந்த இயக்கத்தினரை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்குக் குழாய் வழியாக வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். வீராவின் நிர்வாகத் திறமை பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டாலும், அதிகாரிகளிடம் இல்லை என்ற பதிலைக் கேட்டு அசராமல் இருக்கும் பழக்கத்தை அவர் கற்றது அந்தப் பத்திரிகை அலுவலகத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் விரைவிலேயே தேவைப்பட்டது. 1914ல் முதல் உலகப் போர் மூண்டதும் வீரா கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டிக்குப் போய் வேலை கேட்டார். பாவாடை கட்டியவர்களுக்கு அங்கே இடமில்லை என்ற தொனியில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஆள் பற்றாக்குறையில் சிக்கிய கடற்படை, 1917 நவம்பரில் கேதரின் ஃபர்ஸ் என்பவரின் தலைமையில் பெண்கள் சேவையைத் தொடங்கியது. செய்தி வெளியானதும் விண்ணப்பித்தவர்களில் வீராவும் ஒருவர். முதல் அதிகாரிகள் பயிற்சியில் தேறி, லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையில் இயங்கிய பெரிய கடற்படைப் பயிற்சி நிலையத்தில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்.

இந்தப் பெண்களுக்கு என்ன வேலை? கடற்படையில் ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று பொருளல்ல; குமாஸ்தா. சம்பளக் கணக்கு எழுதுவது, சாமான்கள் கிடங்குக் கணக்கைச் சரிபார்ப்பது, தட்டச்சு, தொலைபேசி, சமையல், பரிமாறுதல், வண்டியோட்டுதல். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தால் அங்கிருந்த ஆண் கப்பலுக்குப் போகலாம் என்பதே கணக்கு. (கரையில் பத்திரமாக இருந்த கணவனைக் கடலுக்கு அனுப்பிவைத்த அந்தப் பெண்மீது அவன் மனைவிக்கு எவ்வளவு அன்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!) கடலில் கால் வைக்காத கடற்படை என்று அவர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் 1918 அக்டோபரில் அயர்லாந்துக் கடலில் லைன்ஸ்டர் என்ற பயணக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தபோது இறந்தவர்களில் ஜோசஃபின் கார் என்ற ரென்னும் இருந்தார். எதிரியின் தாக்குதலில் உயிரிழந்த முதல் ரென் அவர்தான். வேலையில் சேர்ந்து அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை.

போர் முடிந்ததும் 1919ல் சேவையைக் கலைத்துவிட்டார்கள். வீராவுக்கு எம்பிஇ விருது கிடைத்தது, வேலை போனது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்கள் நடத்திய டைம் அண்ட் டைட் என்ற வார இதழில் பணியாற்றினார். 1924ல் கோர்டன் மேத்யூஸ் என்ற பொறியாளரை மணந்தார். இரண்டு மகன்கள், ஒரு மகள். சில காலம் ஜப்பானில் குடும்பத்துடன் வாழ்ந்தார். சாரணியர் இயக்கத்தில் ஈடுபட்டார். கத்தோலிக்கப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய புனித ஜோன் கூட்டமைப்புக்குத் தலைமை வகித்தார். டைம் அண்ட் டைட் இதழின் முதல் ஆசிரியர் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹெலன் ஆர்ச்டேல். அவருடைய மகள் பின்னர் சிங்கப்பூருக்கு வருவார்.

1939 ஏப்ரலில் அட்மிரல்டி வீராவைக் கூப்பிட்டது. வயது ஐம்பது. கலைத்த சேவையை மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். 1914ல் வாசலில் திருப்பி அனுப்பிய அதே அலுவலகம் இப்போது அவருக்கு ஓர் அறையும் இயக்குநர் பதவியும் தந்தது. உதவிக்கு, அட்மிரல்டியின் குடிமைப் பிரிவில் பெண் ஊழியர்களைக் கவனித்துவந்த ஏஞ்சலா குடினஃப் துணை இயக்குநராக வந்தார்.

தொடக்கத்தில் அதிகாரிகள் மனத்தில் இருந்தது சிறிய திட்டம். துறைமுக நகரங்களிலேயே வீடுள்ள, பெரும்பாலும் கடற்படைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களை எடுப்பது. அவர்கள் வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போவார்கள். தங்குமிடச் செலவு மிச்சம். இவர்கள் இடம்பெயராத ரென்கள். எங்கே அனுப்பினாலும் போகத் தயாரானவர்கள் இடம்பெயரும் ரென்கள். போர் விரிய விரிய இரண்டாம் வகைதான் பெருகியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் படுக்கை, குளியலறை, சாப்பாடு, மருத்துவர், மேற்பார்வையாளர் எல்லாம் வேண்டும். பழைய மாளிகைகள், பள்ளிக்கூடங்கள், விடுதிகள் எனக் கிடைத்த கட்டடத்தையெல்லாம் எடுத்தார்கள். வீராவின் நாள்களில் பெரும்பகுதி இதுபோன்ற சண்டைகளில் போயிருக்கிறது: கட்டில்களுக்காக, அடுப்புகளுக்காக, கறுப்புக் காலுறைகளுக்காக.

சீருடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண் அதிகாரிகளின் சட்டைக் கையில் தங்க நிறப் பட்டை. ரென் அதிகாரிகளுக்கு அதே இடத்தில் நீல நிறப் பட்டை. கடற்படைக்குள் இருந்தாலும் கடற்படையாகிவிடவில்லை என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் அடையாளம் அது. சம்பளமும் அப்படித்தான்: அதே தரத்தில் உள்ள ஆணின் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வாக்குரிமைக்குப் போராடிய ஒருவர் இதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று நீங்கள் கேட்கலாம். போர்க்காலத்தில் எல்லாச் சண்டையையும் ஒரே நேரத்தில் போட முடியாது என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஊதியத்தைவிட எந்த வேலை, யாருடைய அதிகாரம் என்பதில்தான் அவர் பிடிவாதமாக இருந்தார். ரென்கள் அட்மிரல்டியின் குடிமை ஊழியர்களைப்போல் நடத்தப்படாமல் கடற்படையின் ஆளணிப் பிரிவோடு சேர வேண்டும், ரென்களை ரென் அதிகாரிகளே நிர்வகிக்க வேண்டும் என்பது அவரது நிலை.

இனி அந்தச் சட்டப் பிரச்சினைக்கு வருவோம். 1941 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் தரைப்படை, ஆகாயப்படை ஆகியவற்றின் பெண்கள் பிரிவுகளை ஆயுதப் படைகளின் பகுதியாக அறிவித்து இராணுவச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளிலிருந்து சொல்லாமல் விலகிப் போனவர்கள் தொகை கவலை தந்ததும் ஒரு காரணம். ரென்களையும் அப்படிக் கொண்டுவரலாமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்பது வீராவின் பதில். தம் பெண்கள் ஒழுங்காக இருக்கிறார்கள். விட்டுப் போக நினைப்பவள் போகலாம் என்ற நிலையில்தான் மற்றவள் நிற்பதற்கு அர்த்தம் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அட்மிரல்டி அதை ஏற்றது. போர் முடியும்வரை ரென்கள் கடற்படை ஒழுங்குச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள்.

இந்தச் சுதந்திரம் முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. 1941 டிசம்பரில் 20 முதல் 30 வயதுவரையிலான மணமாகாத பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தது. அதன்பிறகு ரென் வேலையை விட்டவளுக்கு ஆயுதத் தொழிற்சாலை காத்திருந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரென்களில் சேர எப்போதும் நீண்ட வரிசை நின்றது. அதனால் வீராவால் பொறுக்கி எடுக்க முடிந்தது. நற்சான்றுக் கடிதங்கள், நல்ல பள்ளி, நல்ல குடும்பம் என்று பார்த்தார்கள். மேட்டுக்குடிச் சேவை என்ற பெயர் ரென்களுக்கு அப்போதே இருந்தது. அது முற்றிலும் பொய்யுமல்ல. ஒழுங்காக நடந்தார்கள் என்ற பெருமையில் ஒரு பங்கு இந்தத் தேர்வுமுறையைச் சேரும்.

ஆனால் நுழைந்தவர்களுக்குப் பட்டுக் கம்பளம் விரிக்கவில்லை. லண்டனுக்கு வடக்கே மில் ஹில் என்ற இடத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம் பயிற்சி நிலையமாகியது. முதல் இரண்டு வாரம் சீருடை கிடையாது. நீல மேலங்கி மட்டும். விடியலில் எழுந்து படிக்கட்டுகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தரையைத் தரை என்று சொல்லக்கூடாது, கப்பல் தளம் என்று சொல்ல வேண்டும். வெளியே கடைக்குப் போவதும் கரைக்குப் போவதாகத்தான் கணக்கு. அந்த இரண்டு வாரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சேவைக்கும் அவளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. இருபுறமும் யோசித்துச் சேரட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பின்னால் தண்டிப்பதைவிட முன்னால் கேட்டுவிடுவது சுலபம்.

சமையலிலும் தட்டச்சிலும் தொடங்கிய வேலைகள் போர் முடிவதற்குள் இருநூறைத் தாண்டின. டார்பிடோக்களைப் பராமரித்தார்கள். விமான வானொலிக் கருவிகளைப் பழுதுபார்த்தார்கள். கடல் வரைபடங்களைத் திருத்தினார்கள். துறைமுகத்தில் சிறு படகுகளை ஓட்டினார்கள். துருப்புகளை ஏற்றிச் சென்ற பெரிய கப்பல்களில் சங்கேத அதிகாரிகளாகப் பயணம் செய்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்பு நடந்த இரவில், போர்ட்ஸ்மத் அருகே சவுத்விக் மாளிகையில் கப்பல்கள் நகர நகர அவற்றின் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தவர்களில் ரென்களும் இருந்தார்கள்.

இவற்றில் லிவர்பூலில் நடந்தது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த சரக்குக் கப்பல் அணிகளை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. 1942 ஜனவரியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி அங்கே ஓர் உத்திப் பயிற்சிக் கூடத்தை அமைத்தார். உடல்நலக் குறைவால் கடற்பணியிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். அவருக்குக் கிடைத்த ஊழியர்கள் பெரும்பாலும் இளம் ரென்கள். ஒரு பெரிய அறையின் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கடலாக்கினார்கள். அதன்மேல் சிறு மரக் கப்பல்கள். பயிற்சிக்கு வந்த கப்பல் அதிகாரிகள் துணித் திரைகளுக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியாக மட்டுமே பார்க்கலாம்; நடுக்கடலில் இரவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். நீர்மூழ்கிக் கப்பல் போன வழியைப் பச்சைச் சுண்ணத்தால் குறித்தார்கள். திரைக்குப் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது புலப்படாது.

நீர்மூழ்கிக் கப்பல் வெளியிலிருந்து சுடுகிறது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். பழைய தாக்குதல்களின் விவரத்தை வைத்து இந்தத் தரையில் மீண்டும் ஆடிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, பின்பக்கமாகக் கப்பல் வரிசைக்குள்ளேயே நுழைந்து, நடுவில் நின்று சுட்டால்தான் நடந்தது பொருந்தியது. அதை முறியடிக்க ஒரு புதிய தேடல் முறையை வகுத்தார்கள். அதற்கு ராஸ்பெரி என்று பெயர் சூட்டியவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம் ரென் அதிகாரி. ஹிட்லரை நோக்கி வாயால் கேலி ஓசை எழுப்புவது என்பது அதன் பொருள். ஜேனட் ஓகெல் என்ற இன்னொரு இளம்பெண் பாதுகாப்புக் கப்பல்களை நகர்த்தி விளையாட, நீர்மூழ்கிப் போரில் பழம் தின்று கொட்டை போட்ட அட்மிரல் மேக்ஸ் ஹோர்ட்டனே எதிர்ப்பக்கம் நின்று திரும்பத் திரும்பத் தோற்றதாகச் சொல்வார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் அதிகாரிகள் இந்தக் கூடத்தில் பயிற்சி பெற்றுக் கடலுக்குப் போனார்கள். பயிற்சி தந்தவர்களில் பலர் கப்பலில் போனதே இல்லை.

இப்படி வேலைகள் பெருகப் பெருக வெளிநாட்டுக்கு அனுப்பும் கேள்வியும் வந்தது. இங்கேதான் சிங்கப்பூர் கதைக்குள் வருகிறது. செம்பவாங்கில் பிரிட்டனின் பெரிய கடற்படைத் தளம் 1938ல் திறக்கப்பட்டிருந்தது. கிராஞ்சியில் ஒரு வானொலி நிலையம். ஜப்பானியக் கடற்படை அனுப்பும் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டு எழுதுவதே அங்கு முக்கிய வேலை. ஜப்பானிய மோர்ஸ் முறையில் சாதாரண மோர்ஸைவிடக் குறியீடுகள் அதிகம். 1941ல் ஏறக்குறைய இருபது ரென்கள் இதற்காகச் சிங்கப்பூர் வந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் ரென் அணிகளில் இது ஒன்று. அவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி பெட்டி ஆர்ச்டேல், ஹெலன் ஆர்ச்டேலின் மகள். 1934ல் ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் மகளிர் டெஸ்ட் கிரிக்கெட்டில் இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்தவர்! சட்டம் படித்தவர்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. கிராஞ்சியில் ஒட்டுக்கேட்டவர்கள் எதிரியிடம் பிடிபட்டால் இரகசியமும் பிடிபடும். எனவே 1942 ஜனவரியில் அவர்களைக் கப்பலேற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கவே, மறுபடி மூட்டை கட்டி ஆப்பிரிக்காவின் மும்பாசாவுக்கு அருகிலுள்ள கிளிண்டினிக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணி மீண்டும் கொழும்புக்குத் திரும்பியது. தலையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, நான்கு மாதத்தில் இந்தியப் பெருங்கடலையே கடந்த இந்தப் பெண்களின் வேலை நின்றுபோகவில்லை. கிராஞ்சியை நாம் போர் நினைவு மயானத்துக்காக அறிவோம். அதே வட்டாரத்தில் இவர்களும் இரவு பகல் பாராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூர் அணிக்குக் கடல் வழிவிட்டது. ஜிப்ரால்டர் அணிக்கு விடவில்லை. 1941 ஆகஸ்ட்டில் சங்கேத அதிகாரிகளும் வானொலி இயக்குநர்களுமாக 21 ரென்கள், ஒரு கடற்படைச் செவிலியர், ஆக 22 பெண்கள் லிவர்பூலிலிருந்து அகிலா என்ற கப்பலில் புறப்பட்டார்கள். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். ஆகஸ்ட் 19ஆம் தேதி நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கிக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 22 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

வீராவின் பதவிக்காலத்தில் இதைவிடக் கடினமான நாள் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பெண்களுக்குப் பொறுப்பான வேலை வேண்டும், கடல் கடந்து போகும் உரிமை வேண்டும் என்று பிடிவாதமாக வாதிட்டவர் அவர். கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தால் பழியைச் சட்டத்தின்மேல் போடலாம். கேட்டபோது கையைத் தூக்கிய பெண்கள் இவர்கள். பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை இத்துடன் நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. அடுத்த அணிக்கு ஆள் கேட்டபோதும் பெண்கள் முன்வந்தார்கள். பின்னர் எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, இலங்கை, இந்தியா எனப் பல நாடுகளில் ரென்கள் பணியாற்றினர். கடல் மறுபடியும் விலை கேட்டது. 1944 பிப்ரவரியில் மும்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பல் மாலத்தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு, ஏறக்குறைய 1,300 பேர் இறந்தனர். அவர்களில் செவிலியரும் ரென்களும் இருந்தார்கள். போர் முழுவதும் உயிரிழந்த ரென்களின் தொகை 303 என்று குறிக்கப்படுகிறது.

அகிலாவில் இறந்தவர்களின் நினைவாகப் பின்னர் ஓர் உயிர்காப்புப் படகு வேல்ஸ் கடற்கரையில் சேவைக்கு வந்தது. அதன் பெயர் அகிலா ரென்.

இரகசியமாகவே இருந்துவிட்ட வேலையும் உண்டு. பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய பெரிய இயந்திரங்களை இயக்கியவர்கள் பெரும்பாலும் ரென்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எண்ணெய் வழியும் உருளைகளை மாட்டி, கம்பிகளைச் செருகி, எட்டு மணி நேர முறைகளில் இரவும் பகலும் நின்றார்கள். தாங்கள் செய்வது எதற்கு என்பதுகூடப் பலருக்கு முழுமையாகத் தெரியாது. போர் முடிந்த பிறகும் பெற்றோரிடம், கணவரிடம் வாய்திறக்கவில்லை. 1970களில்தான் அந்த இரகசியம் வெளியே வந்தது. கடற்படை ஒழுங்குச் சட்டம் கட்டுப்படுத்தாத பெண்கள், இரகசியக் காப்புக்குக் கொடுத்த கையெழுத்துக்காக முப்பது ஆண்டுகள் மௌனம் காத்தார்கள். வீரா 1948ல் தம் பணி அனுபவங்களை நூலாக எழுதியபோது, அவரது சேவையின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றான இதைப் பற்றி எழுத வழியே இல்லை.

1945ல் அவருக்கு டேம் பட்டம் வழங்கப்பட்டது. 1946ல் பொறுப்பை ஜோசலின் வுல்கோம்பிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 1919ல் செய்ததுபோல் இந்த முறை சேவையைக் கலைக்கவில்லை. 1949ல் ரென்கள் நிரந்தரச் சேவையானார்கள். வீராவோ சும்மா இருக்கவில்லை. எரிவாயு, நிலக்கரி போன்ற வீட்டு எரிபொருள் விவகாரங்களில் இல்லத்தரசிகளின் சார்பில் பேசும் பொறுப்புகளை ஏற்றார். கடற்படையை நடத்தியவர் அடுப்பு விஷயத்துக்கு இறங்கிவிட்டாரே என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆறு ஆண்டுகள் பல்லாயிரம் பேருக்குச் சோறும் வெந்நீரும் ஏற்பாடு செய்தவருக்கு அது இறக்கமாகத் தோன்றியிருக்காது.

1959 செப்டம்பர் 25ஆம் தேதி, தமது 71வது பிறந்த நாளன்று, லண்டனில் காலமானார். ரென்கள் கடற்படை ஒழுங்குச் சட்டத்தின்கீழ் வந்தது அதற்கும் 18 ஆண்டுகள் கழித்து, 1977ல். பெண்கள் போர்க்கப்பல்களில் கடலுக்குப் போகத் தொடங்கியது 1990ல். 1993ல் தனிச் சேவை என்ற ஏற்பாடு முடிந்து, பெண்கள் அரச கடற்படையோடு முழுமையாக இணைந்தார்கள். அதிகாரிகளின் சட்டைக் கையில் நீலப் பட்டையைப் பிரித்துவிட்டுத் தங்கப் பட்டையைத் தைத்தது அப்போதுதான்.